ராப் கேட்கிற பையன், ராப் எழுதுகிற பையன்

தண்டையார்பேட்டையில் இருந்து ஒரு அக்கா கேட்டிருக்கிறார். மகன் பிளஸ் டூ படிக்கிறான். காலையில் கண் விழித்ததிலிருந்து காதில் ஹெட்போன், எந்நேரமும் ராப். பாட்டில் கெட்ட வார்த்தை வருகிறது, கத்தி வருகிறது, கஞ்சா வருகிறது. கணக்கு நோட்டின் கடைசிப் பக்கங்களில் அவனே பாட்டு எழுதவும் ஆரம்பித்துவிட்டானாம். கோபத்தில் அந்த நோட்டைப் பிடுங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். "இந்த ராப் புள்ளைங்களைக் கெடுக்குதா இல்லையா? நம்ம ஏரியாவுக்கு இது தேவைதானா?" இதுதான் கேள்வி.

அக்கா, நான் புளியந்தோப்பில் பிறந்து வளர்ந்தவன். எட்டு வருடமாக வியாசர்பாடியில் ஒரு மொட்டை மாடியில் ஞாயிறு சாயங்காலம் பசங்களோடு உட்கார்ந்து பாட்டு எழுதுகிறேன். அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். ராப் ஒரு பையனைக் கெடுக்கவும் செய்யும், ஆளாக்கவும் செய்யும். கேட்பதோடு நிற்கிறானா, எழுதுகிறானா என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. உங்கள் பையன் எழுத ஆரம்பித்துவிட்டான். நீங்கள் பயந்துபோய்ப் பிடுங்கியது அவனிடம் இருந்த நல்ல பாதியை.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், இந்தப் பாட்டு எங்கே பிறந்தது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். நியூயார்க்கில் பிராங்க்ஸ் என்று ஒரு பகுதி. ஊருக்கு நடுவே பெரிய நெடுஞ்சாலை போடுகிறோம் என்று ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் காலி செய்தார்கள். மிச்சம் இருந்த இடத்தில் 1970களில் கட்டடம் கட்டடமாகத் தீப்பிடித்து எரிந்தது. வேலை இல்லை. அங்கே 1973 ஆகஸ்ட் 11 அன்று ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தள அறையில் சின்ன விழா. சிண்டி கேம்பெல் என்ற பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறக்கும் முன் புதுத் துணி வாங்கக் காசு வேண்டும். அதற்காகப் பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் டிக்கெட் போட்டார்கள். பாட்டு போட்டது அவளுடைய அண்ணன், 18 வயது கூல் ஹெர்க். ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம். பாட்டின் நடுவில் குரல் நின்று தாளம் மட்டும் வரும் துண்டு இருக்கிறதே, ஆட்டக்காரர்கள் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று அவன் கண்டுபிடித்தான். இரண்டு ரெக்கார்டை மாற்றி மாற்றி ஓட்டி அந்தத் துண்டையே நீட்டினான். நீண்ட தாளத்தின் மேல் மைக்கில் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பேச்சுதான் வளர்ந்து ராப் ஆனது.

ஊரை இடித்த இடத்தில், கையில் இருந்ததை வைத்து, துணி வாங்குகிற காசுக்காக. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் தாத்தா நினைவுதான் வரும். அவர் பின்னி மில்லில், அதாவது பக்கிங்ஹாம் அண்ட் கர்நாடிக் மில்லில் தறி ஓட்டியவர். 1918-ல் சென்னை தொழிலாளர் சங்கம் உருவானதே அந்த மில் தொழிலாளிகளை வைத்துத்தான். திரு.வி.க.வும் பி.பி. வாடியாவும் நின்று பேசிய இடம். 1996-ல் மில்லை மூடினார்கள். சங்கு சத்தம் நின்றது. அப்புறம் அந்தக் காலி கட்டடத்தில் சினிமா ஷூட்டிங் எடுத்தார்கள். தாத்தா வேலை செய்த ஷெட்டில் ஹீரோ வில்லனை அடிப்பதை நான் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

மில் இருந்த காலத்திலும் சரி, மூடிய பிறகும் சரி, எங்கள் தெருக்களில் பாட்டு நிற்கவில்லை. கானா இருந்தது. உங்களுக்குத் தெரியாததா, அக்கா? சாவு வீட்டில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து பாடுவார்களே, அந்தப் பாடகர் வந்ததும் முதலில் என்ன செய்வார்? இறந்தவர் பேர் என்ன, என்ன தொழில், எத்தனை பிள்ளை, பெரியவன் பேர் என்ன, பேத்தி பேர் என்ன என்று ஓரமாகக் கூப்பிட்டு விசாரிப்பார். டீ குடித்து முடிப்பதற்குள் அந்தப் பேரெல்லாம் பாட்டுக்குள் வந்துவிடும். மீன்பாடி வண்டி ஓட்டின மனுஷனுக்கு அவர் வண்டியோடு, அவர் தெருவோடு, அவர் சண்டை போட்ட பக்கத்து வீட்டுக்காரரோடு பாட்டு நிற்கும். இன்றைக்குப் பசங்கள் ஃப்ரீஸ்டைல் என்று சொல்வது இதைத்தான். நம் ஏரியாவுக்கு ராப் தேவையா என்று கேட்டீர்கள். அது வருவதற்கு முன்பே அதற்கான பாய் இங்கே விரித்துத்தான் கிடந்தது.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். கெட்ட பாட்டு கேட்டால் பையன் கெட்டுப்போவானா?

இதை ஆராய்ச்சி செய்திருக்கிறார்கள். 2003-ல் அமெரிக்காவில் 500க்கும் மேற்பட்ட கல்லூரி மாணவர்களை வைத்து 5 சோதனைகள் செய்தார்கள். அடிதடி வரிகள் உள்ள பாட்டைக் கேட்டதும் மனதில் கோபமும் சண்டை எண்ணமும் கூடுகிறது என்று தெரிந்தது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அவர்கள் அளந்தது பாட்டு முடிந்த கையோடு வருகிற எண்ணத்தை. அந்தப் பாட்டுகளில் ராக் இருந்தது, நகைச்சுவைப் பாட்டுகூட இருந்தது, வெறும் ராப் மட்டும் கிடையாது. அந்த எண்ணம் எவ்வளவு நாள் தங்கும், கைக்கு எப்போது வரும் என்பது வேறு கணக்கு. இன்னொரு பக்கம் பாருங்கள். துப்பாக்கி, கும்பல் என்று பாடுகிற ராப் அமெரிக்காவில் உச்சத்துக்குப் போனது 1990களில். அதன் பெரிய ராப்பர்கள் இரண்டு பேர், டூபாக் 1996-லும் நட்டோரியஸ் பி.ஐ.ஜி. 1997-லும் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். நாடே பதறியது. அதே பத்து வருடத்தில் அந்த நாட்டின் கொலை விகிதம் லட்சம் பேருக்கு 9.8 என்பதிலிருந்து சுமார் 5.5 ஆக இறங்கியது. ராப்தான் இறக்கியது என்று நான் சொல்ல வரவில்லை, அதற்கு நூறு காரணம் இருக்கும். பாட்டு கூடினால் குத்து வெட்டு கூடும் என்ற நேர்க்கோட்டுக் கணக்கு அங்கேயே உடைந்துவிட்டது என்பதுதான் விஷயம்.

இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்ப முக்கியம். கேரி ஃப்ரைட் என்ற உளவியல் ஆய்வாளர் 1996-ல் செய்தது. 1960-ல் வந்த ஒரு நாட்டுப்புறப் பாட்டின் வரிகளை எடுத்தார். போலீஸ்காரரைச் சுடுகிறவனைப் பற்றிய பாட்டு. சிலரிடம் இது ராப் என்று சொல்லிக் கொடுத்தார். வேறு சிலரிடம் இது கன்ட்ரி பாட்டு, அதாவது அமெரிக்கக் கிராமத்துப் பாணிப் பாட்டு என்று சொல்லிக் கொடுத்தார். வரி ஒன்றுதான், எழுத்து மாறவில்லை. ராப் என்று நினைத்துப் படித்தவர்கள் இது ஆபத்தான பாட்டு என்று அதிகமாகச் சொன்னார்கள். மற்றவர்களுக்கு அது அவ்வளவு தப்பாகத் தெரியவில்லை.

இதை எங்கள் மாடியில் சொன்னபோது பசங்கள் யாருமே ஆச்சரியப்படவில்லை. ஒருத்தன் சொன்னான், "அதாண்ணா, அட்ரஸப் பாத்துட்டு பாட்ட கேக்குறாங்கோ." அவன் அதற்கு முந்தின வாரம்தான் ஒரு கடையில் விற்பனை வேலைக்கு இன்டர்வியூ போயிருந்தான். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. எந்த ஏரியா என்று கேட்டார்கள். வியாசர்பாடி என்றான். சொல்லி அனுப்புகிறோம் என்று விட்டார்கள். சினிமாவில் ஹீரோ ஆறு பேரை வெட்டிவிட்டு ஆடுகிற பாட்டு கல்யாண மண்டபத்தில் ஓடுகிறது, குடும்பத்தோடு ஆடுகிறோம். அதே வரியை நம் தெருப் பையன் ஒரு போனில் பாடிப் போட்டால் ரவுடி ஆகிவிடுகிறான். உங்கள் பையனின் பாட்டைக் கேட்கும்போது நீங்களும் கொஞ்சம் அந்தக் காதோடு கேட்கிறீர்களோ என்று ஒரு தடவை யோசித்துப் பாருங்கள், அக்கா. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஆபத்து பாட்டுக்குள் இருப்பதைவிட போனுக்குள் அதிகம். பட்டாக்கத்தியில் பிறந்தநாள் கேக் வெட்டுகிற வீடியோவுக்குப் பின்னால் ஒரு பீட் ஓடும். பஸ் கூரையில் ஏறி ரூட்டு தலைக்கு, அதாவது அந்த பஸ் ரூட்டு மாணவர் கூட்டத்தின் தலைவனுக்கு, ஜே போடுகிற ரீல்ஸுக்குப் பின்னால் ஒரு கானா ஓடும். பாட்டு முப்பது நொடிதான். முப்பது நொடிக்குள் கதை சொல்ல முடியாது, கெத்து மட்டும்தான் காட்ட முடியும். பதினாறு வயதுப் பையனுக்கு அதில் லைக் விழுகிறது. அடுத்த தடவை இன்னும் பெரிய கத்தி. போலீஸ் அந்த வீடியோவைப் பார்த்துத்தான் வீட்டு வாசலுக்கு வருகிறது. ஒரு தடவை எஃப்.ஐ.ஆர். விழுந்துவிட்டால் பாஸ்போர்ட், அரசு வேலை என்று எல்லா இடத்திலும் அது கூடவே வரும். நம் பக்கத்தில் வலி மாத்திரையைப் போதைக்குப் போடுகிற பழக்கம் எவ்வளவு வீட்டைத் தின்றிருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அதைப் பெருமையாகப் பாடுகிற பாட்டை என் மாடியில் நான் பாட விடுவதில்லை. பெண்களைச் சரக்கு, ஃபிகரு என்று பாடுவதும் அப்படித்தான். "எல்லா ராப்பரும் பாடுறாங்கோ" என்று பசங்கள் வாதாடுவார்கள். உன் தங்கச்சி முதல் வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு பாடு என்பேன். பாதி வரி அங்கேயே மாறும்.

இனி எழுதுகிற பையனைப் பற்றி. இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கொடுங்கையூர் பக்கமிருந்து ஒரு பையன் வந்தான். பத்தாம் வகுப்பு. முதல் நாள் அவன் பாடிக் காட்டிய பாட்டில் மூன்று துப்பாக்கி, ஒரு கார், நிறைய டாலர். நல்ல வேகம், மூச்சு எங்கே எடுக்க வேண்டும் என்று தெரிந்திருந்தது. நான் கேட்டேன், "துப்பாக்கி பாத்திருக்கியா?" இல்லண்ணா என்றான். "டாலர்?" சிரித்தான். "சரி, இன்னைக்குக் காலையில என்ன பாத்தே?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "கேட்டுல நின்னோம்ணா" என்றான்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் உங்களுக்குத் தெரியும். அவன் அப்பா விடியற்காலையில் காசிமேட்டில் மீன் எடுத்து டூ வீலரில் பெட்டி கட்டிக்கொண்டு வருகிறவர். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் பையன் பின்னால் உட்கார்ந்து பெட்டியைப் பிடித்துக்கொள்வான். கேட் போட்டால் ஒரு கூட்ஸ் போகும், திறப்பதற்குள் இன்னொரு கூட்ஸ் வரும். வெயில் ஏற ஏற ஐஸ் உருகித் தண்ணீர் அவன் பேன்ட்டில் சொட்டும். அப்பா திரும்பித் திரும்பிப் பெட்டியைப் பார்ப்பாராம், பேச மாட்டாராம். இதை எழுது என்றேன். இதெல்லாம் பாட்டாண்ணா என்றான். மூன்று ஞாயிறு ஆனது. நாலாவது ஞாயிறு இதைக் கொண்டுவந்தான்:

கேட்டு மூடிக்கிச்சு, கேட்டா பேச்சு இல்ல,
கூட்ஸு போவுது பாரு, கூட்டம் கொறையவே இல்ல.
ஐஸு உருகுது பெட்டில, அப்பா நிக்குறாரு வெயிலுல,
மீனு வெல எறங்கிப்போச்சு மூணு கூட்ஸு ரயிலுல.

கேட்டு என்ற ஒரு சொல்லை அவன் இரண்டு விதமாகப் போட்டிருப்பதைப் பாருங்கள். மூடுகிற கேட்டும் அதுதான், கேட்டால் பதில் வராத கேள்வியும் அதுதான். நான் சொல்லிக் கொடுக்கவில்லை. தாளமும் அவனே பிடித்தது, தண்டவாளத்தில் கூட்ஸ் பெட்டி இணைப்பு தட்டுகிற சத்தம். அன்றைக்கு அதைப் பாடிவிட்டு, "எங்கப்பாவுக்குப் பாடிக் காட்டட்டா?" என்று கேட்டான். துப்பாக்கிப் பாட்டை அவன் அப்பாவுக்குப் பாடிக் காட்ட நினைத்திருப்பானா?

எழுதும்போது மூளைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு ஒரு சின்னத் தொழில் விஷயம் சொல்கிறேன். ராப்பில் ஒரு பார் என்பது நாலு தட்டு. பதினாறு பார் சேர்ந்தால் ஒரு சரணம் மாதிரி. ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியும் ஒரே ஓசையில் முடிந்தால் அதுதான் வித்தை. தமிழில் அது ரொம்ப மலிவு. நம் வாக்கியம் வினையில் முடிகிறது. போறேன், வரேன், நிக்கிறேன் என்று எழுதினால் இயைபு தானாக விழுந்துவிடும், கேட்கச் சலிக்கும். அதனால் புதிதாக எழுதுகிற பையன் பத்து வரியில் முட்டிக்கொண்டு நிற்பான். அங்கேதான் நம் ஆட்களின் பழைய கருவி கைகொடுக்கும். இரண்டாம் எழுத்து ஒன்றி வருகிற எதுகை, முதல் எழுத்து ஒன்றி வருகிற மோனை. தமிழ்ப் பரீட்சையில் அடியெதுகை, சீர்மோனை என்று மனப்பாடம் செய்து வெறுத்த பையன், இங்கே ஒரு வரி உட்காரவில்லை என்பதற்காக ரெண்டு எழுத்து தேடி ஒரு வாரம் அலைகிறான். இப்படி வந்தவர்களில் இரண்டு பேர் காலேஜில் தமிழ் எடுத்துப் படித்தார்கள். கானாவோடு ராப்பைச் சேர்ப்பது இன்னும் கஷ்டம். கானா பெரும்பாலும் மூன்று மூன்றாக நடக்கும், ராப் பீட் நாலு நாலாக நடக்கும். அந்த இரண்டையும் காலில் தட்டி ஒட்டவைக்கிற நேரத்தில் பசங்கள் செய்கிற கணக்கு, பள்ளிக்கூடக் கணக்குக்குச் சளைத்ததில்லை.

ராப் சமூகத்துக்கு என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். 2015-ல் சென்னைப் பெண் சோபியா அஷ்ரப் கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசக் கழிவைப் பற்றி ஒரு ராப் பாடினார். பல வருடமாக மனு கொடுத்துக்கொண்டிருந்த தொழிலாளிகளின் விஷயம் சில நாளில் உலகம் முழுக்கப் போனது. 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளிகளோடு சமரச ஒப்பந்தம் போட்டது. பாட்டு மட்டும் அதைச் செய்யவில்லை, பத்துப் பதினைந்து வருடப் போராட்டம் பின்னால் இருந்தது. ஆனால் கடைசித் தள்ளு தள்ளியதில் அந்தப் பாட்டுக்குப் பங்கு உண்டு. நம் எண்ணூரிலும் 2023 டிசம்பரில் வெள்ளத்தோடு ஆற்றில் எண்ணெய் படிந்தது, அதே மாதக் கடைசியில் பெரியகுப்பத்தில் நள்ளிரவில் அமோனியா கசிந்தது. அதைப் பற்றி எங்கள் மாடியில் ஏழெட்டுப் பாட்டு எழுதினார்கள். எதுவும் உலகத்துக்குப் போகவில்லை. ஆனால் அமோனியா என்றால் என்ன, காற்று எந்தப் பக்கம் அடித்தால் எந்தத் தெருவுக்கு வரும் என்று அந்தப் பசங்களுக்கு இப்போது தெரியும்.

2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவின் முதல் கச்சேரி. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கியது. பேரே அயோத்திதாசர் சொன்ன சாதியற்ற தமிழரிலிருந்து எடுத்தது. பறை, சட்டி, மோளத்துக்குப் பக்கத்தில் கிட்டார், கானாவுக்குப் பக்கத்தில் ராப், எல்லாம் ஒரே மேடையில். சாவு வீட்டில் மட்டும் கேட்ட குரலுக்கு அன்றைக்குக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அந்தக் குழுவில் பாடிய இசைவாணி ராயபுரத்துப் பெண். ஆண்கள் மட்டுமே பாடுவார்கள் என்றிருந்த கானாவில் நின்று, 2020-ல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அந்தச் செய்தி வந்த அடுத்த வாரம் எங்கள் மாடிக்கு முதன்முதலாக ஒரு பெண் பிள்ளை வந்தாள். ஏழு மணிக்குள் வீட்டில் இருக்க வேண்டும் என்பது அவள் அம்மாவின் கட்டளை. அதனால் அன்றிலிருந்து எங்கள் நேரத்தை நாலரை மணிக்கு மாற்றிவிட்டோம். இப்போது ஐந்து பெண்கள் வருகிறார்கள்.

ராப்பர் அறிவு அந்தக் குழுவில் இருந்து வந்தவர்தான். 2021-ல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி' பாட்டுக்குள் இருப்பது இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்த அவருடைய பாட்டி வள்ளியம்மாளின் கதை. அந்தப் பாட்டின் வருமானத்தில் ஒரு பைசாகூடத் தங்களுக்கு வரவில்லை என்று 2024-ல் இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். உலகமே பாடிய பாட்டுக்கே இந்த நிலைமை. அதனால் ராப்பர் ஆகிச் சம்பாதிக்கிறேன், படிப்பு வேண்டாம் என்று உங்கள் பையன் சொன்னால் அந்த இடத்தில் மட்டும் நீங்கள் விட்டுக்கொடுக்காதீர்கள். பிளஸ் டூ பரீட்சையை முடிக்கட்டும். பாட்டு எங்கேயும் ஓடிப்போகாது. செலவும் பெரிதாக இல்லை. போனில் இலவச ஆப் இருக்கிறது, போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு பாடினால் எதிரொலி இல்லாமல் பதிவாகும். ஸ்டுடியோவுக்குக் காசு கேட்டால் இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். எந்த பேப்பரிலும் படிக்காமல் கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

அந்த நோட்டை பீரோவிலிருந்து எடுங்கள், அக்கா. திட்டுவதற்காக இல்லாமல் ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். கெட்ட வார்த்தை இருந்தால் இருக்கட்டும், அதை இன்றைக்கே பேச வேண்டாம். கத்தி இருந்தால், யாருடைய கத்தி, எங்கே பார்த்தாய் என்று கேளுங்கள். நிஜமாகவே பார்த்திருந்தால் அது உங்களுக்குத் தெரிய வேண்டிய விஷயம். பாட்டைப் பார்த்துக் கேட்பது போனை நோண்டிக் கண்டுபிடிப்பதைவிட நல்லது. எங்கேயோ கேட்டு எழுதியது என்றால் அவனே வெட்கப்பட்டு அந்த வரியை அடித்துவிடுவான். நடுவில் எங்காவது உங்கள் தெரு வரும், அவன் அப்பா வருவார், நீங்களும் வரலாம். அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக் கொடுத்து, இதைப் பாடு என்று கேளுங்கள். ஹெட்போனைக் கழற்றிவிட்டுப் பாடச் சொல்லுங்கள். அடுத்த ஞாயிறு நாலரை மணிக்கு அவனைக் கூட்டிக்கொண்டு வந்தால், மாடியில் உங்களுக்கும் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன்.